நன்றாகப் பேசுகிற குழந்தை

உதவித்தொகை அலுவலகத்தின் நாற்காலிகள் தரையோடு சேர்த்துத் திருகப்பட்டிருந்தன. உதவி கேட்டு வருகிறவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று எப்போதோ ஒரு மேலதிகாரி பயந்திருக்க வேண்டும். சுவரில் சிரிக்கும் குழந்தைகளின் படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது.

அம்மாவும் அத்தையும் பாப்பாவை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்ப்பவள். அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாள். வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றுக்காக அந்த அறையிலிருந்தபடியே தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது அவளுடைய உத்தியோகம். அப்பா பஸ் ஓட்டுநர். அன்றைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காததால் அத்தை துணைக்கு வந்திருந்தாள். ஆள் கிடைத்திருந்தாலும் வந்திருப்பாள்.

பாப்பாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கு வந்துபோகும் மருத்துவர் அவளைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "ஆட்டிசமா இருக்கலாம், பெரிய டாக்டர்கிட்டக் காட்டி உறுதி பண்ணிக்குங்க" என்று சொல்லியிருந்தார். பெரிய டாக்டரிடம் இடம் கிடைக்க அடுத்த வருடம் ஆகும். தலைமையாசிரியைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "பாப்பா மேல எங்களுக்கு உயிரு" என்று அவர் தொடங்கியபோதே அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொள்ள ஓர் உதவியாளர் இருந்தால் பாப்பா முழு நாளும் பள்ளியில் இருக்கலாம். இல்லையென்றால் அடுத்த பருவத்திலிருந்து காலையில் கொண்டுவந்து விட்டு, வெயில் ஏறுவதற்குள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். உதவித்தொகை கிடைக்கிற குழந்தைக்குத்தான் உதவியாளர் உண்டு. வேலை நேரத்தில் பள்ளி வாசலில் போய் நிற்க ரொட்டித் தொழிற்சாலை விடாது; அப்பாவின் பஸ்ஸும் அத்தையின் தொலைபேசியும்கூட விடாது. ஆக, ஒன்று வேலை போக வேண்டும், அல்லது பள்ளிக்கூடம் போக வேண்டும்.

"டாக்டர் உறுதி பண்ணியிருக்கணும்னு இல்லம்மா, சந்தேகமே போதும்" என்று முதல் கவுண்டரில் சொன்னார்கள். "வெறும் சந்தேகம்னு எழுதியிருக்கே, உறுதிச் சான்றிதழ் எங்க?" என்று அடுத்த கவுண்டரில் கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான் இருந்தது. கடைசியில் இருவருக்கும் அலுத்துப்போய், மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பிவைத்தார்கள்.

மதிப்பீட்டு அதிகாரி கனிவானவர். கனிவு அவருடைய வேலையின் ஒரு பகுதி; அதற்காகப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

"வாங்க, வாங்க. இதுதான் குழந்தையா?" என்றார். அறையில் வேறு குழந்தை இல்லை. "பேர் என்னடா கண்ணு?"

பாப்பா அவருடைய காதுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, தெளிவான குரலில் சொன்னாள்: "வணக்கம். உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் சொல்ல முடியுமா?"

அதிகாரி குலுங்கிச் சிரித்தார். "என்னையே விசாரிக்குதே. நல்ல சூட்டிகை."

"எல்லாம் வளர்ப்பு சார்" என்றாள் அத்தை.

"சார், அது பதில் இல்ல சார்" என்றாள் அம்மா. "அண்ணி போன்ல பேசறதைக் கேட்டுக் கேட்டு அப்படியே..."

"இருங்கம்மா, உங்ககிட்ட அப்புறம் வர்றேன். குழந்தையைப் பேச விடுங்க." அவர் மேசை மேல் குனிந்தார். "ஸ்கூல் பிடிச்சிருக்கா கண்ணு?"

"உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது."

"ஹியூமர் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அதிகாரி எழுதினார்.

பள்ளி விட்டு வந்ததும் அத்தையின் அறைக் கதவுக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது பாப்பாவின் வழக்கம். உள்ளே அத்தை வேலை முடித்து எழுந்திருக்கும்வரை அசைய மாட்டாள். நல்ல பிள்ளை, படுத்தாத பிள்ளை என்று அத்தை சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பாப்பாவிடம் இருந்த பேச்சு அத்தனையும் அந்தக் கதவு வழியாக வந்தது. அவளுடைய சொந்த வாக்கியம் என்று ஒன்றை அம்மா இதுவரை கேட்டதில்லை. எந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று அம்மா பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். "உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டேன்" என்றால் எங்கேயோ வலிக்கிறது. காதில் சீழ் வைத்திருந்தபோது பாப்பா அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சமர்த்தாக விளையாடுகிறாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். "தொழில்நுட்பப் பணியாளர் இன்று மாலை வருவார்" என்றால் அப்பா. அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"தனியா டாய்லெட் போகுமா?" அதிகாரி இதை அத்தையைப் பார்த்துக் கேட்டார். அவர் பேசும் முறையை அந்த அறையில் ரசித்தவள் அவள் ஒருத்திதான்.

"அதெல்லாம் தானாப் போயிரும் சார்."

"அண்ணி" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தை பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அதைச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆள் முன்னால் வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. குறை சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டிருந்தது.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள் பாப்பா.

அம்மா சட்டென்று எழுந்தாள். "பாத்ரூம் எங்க சார்? அவளுக்குப் போகணும்."

"அது கேக்கவே இல்லையேம்மா. என்னைப் பாத்துப் பரிதாபப்படுது, பாருங்க" என்று அதிகாரி கையமர்த்தினார். "இப்படித்தான், எல்லாத்தையும் நீங்களே முந்திக்கிட்டா குழந்தைக்கு எப்பப் பழக்கம் வரும்? உக்காருங்க."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

அம்மா பாப்பாவின் கையைப் பிடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. திருகப்பட்ட நாற்காலியின் கால் வழியாக இறங்கி, மேசைக்கு அடியில் புகுந்து, ஈரம் அதிகாரியின் பக்கமாக ஓடியது. அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். தூக்கியபடியே, "புது இடம், பயந்துருச்சு. எல்லாக் குழந்தையும் அப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னார். துடைக்கிற ஆளைக் கூப்பிட மணி அடித்தார். காலை இறக்காமலே அடுத்த கேள்விக்குப் போனார்.

பள்ளியில் அந்தப் பருவம் முடியப்போகிற நேரத்தில் முடிவு வந்தது. அப்பா சீருடையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று வாசித்தார்.

"தங்கள் விண்ணப்பம் மிகுந்த கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. குழந்தை வயதுக்கு மீறிய சொல்வளத்துடன், முழு வாக்கியங்களில், கேட்பவர் மனம் கோணாமல் உரையாடும் திறன் பெற்றிருப்பதால் உதவித்தொகை வழங்க இயலவில்லை. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். மேலும் உதவி தேவைப்பட்டால் எங்களைத் தொடர்புகொள்ளவும்." அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஏய், இதை நம்ம பாப்பாவா எழுதிச்சு?"

அம்மா சிரிக்க நினைக்கவில்லை. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. கையில் மாவோடு சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். பிறகு கையைக் கழுவினாள்.

"மேல்முறையீடு போடறேன்."

"நான் அப்பவே சொன்னேன்" என்று அத்தை தன் அறையிலிருந்து வந்தாள். காதில் மாட்டும் கருவி கழுத்தில் தொங்கியது. "நல்லா இருக்கற பிள்ளைக்கு முத்திரை குத்தி வாங்கற காசு நமக்கு எதுக்கு? எங்க கம்பெனிக்குப் புதுசா வர்ற பொண்ணுங்க யாரும் இவ்வளவு சுத்தமாப் பேச மாட்டாளுங்க. நம்ம வம்சத்துல யாருக்கும் இப்படி ஒரு நோய் கிடையாது."

"அக்கா, சும்மா இரு" என்றார் அப்பா.

"எதுக்குடா சும்மா இருக்கணும்? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் யாருடா பிள்ளையைப் பாத்துக்கறா? என்கிட்ட எவ்வளவு ஒட்டுதல் அதுக்கு."

"உங்களைப் பிடிக்குமா அண்ணி அதுக்கு?" என்றாள் அம்மா.

"இது என்ன கேள்வி?"

"அதைத்தான் அதுகிட்டக் கேளுங்க. உங்க ஆபீஸ்ல யாரும் கேக்காத கேள்வி. இப்பவே கேளுங்க, நாங்க பேசலை."

அத்தை தயங்கவில்லை. ஜெயிக்கப்போகிற பந்தயம் என்றுதான் நினைத்தாள். தரையில் கரண்டிகளைப் பெரிது சிறிதாக அடுக்கிக்கொண்டிருந்த பாப்பாவுக்கு எதிரே போய்க் குந்தினாள். "பாப்பா, அத்தையை உனக்குப் பிடிக்குமா?"

"இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படலாம்" என்றாள் பாப்பா.

"இல்லடா தங்கம், அத்தையைப் பாரு. அத்தைனா ஆசையா?"

"மாதிரி எண் இயந்திரத்தின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும்."

அத்தை இன்னொரு முறை கேட்டாள். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பாப்பா ஒரு கரண்டியை எடுத்து, அத்தையின் கால் விரலுக்கும் அடுத்த கரண்டிக்கும் நடுவே இருந்த இடத்தில் வைத்தாள். "இணைப்பிலேயே இருங்கள்" என்றாள்.

அத்தை இருந்தாள். முழங்கால் வலிக்கிறவரைக்கும் குந்தியே இருந்தாள். அதற்கப்புறம் பதில் எதுவும் வரவில்லை. அம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கலாம். அதற்கு அவளுக்கு நேரம் இல்லை. மேல்முறையீட்டுக்கு அத்தையை எப்படிப் பேச வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வர்றேன்" என்றாள் அத்தை எழுந்திருக்கும்போது, யாரும் கேட்காமலே.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவி, ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, ஓய்வு பெற்றதை இன்னும் நம்பாதவர். அவருக்கு வலப்பக்கம் மருத்துவ உறுப்பினர். குழுவில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. என்ன மருத்துவர் என்று சொல்லவில்லை. இவர் தோல் மருத்துவர். இடப்பக்கம் பொதுமக்கள் பிரதிநிதி. எந்தப் பொதுமக்கள் அவரை அனுப்பினார்கள் என்பதற்குச் சான்றிதழ் கேட்கும் கவுண்டர் எதுவும் அங்கே இல்லை.

"குழந்தையைக் கொஞ்சம் வெளியில உக்கார வைக்கலாமாங்க?" என்று அம்மா கேட்டாள். "இவளைப் பத்தி இவ காதுபடச் சொல்ல வேண்டியிருக்கு."

"யாரைப் பத்தி முறையீடோ அவங்க அறையில இருக்கணும். அதுதான் நியாயம்" என்றார் தலைவி. பாப்பா ஜன்னலோரம் போய்க் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

தலைவி பழைய அறிக்கையை வாசித்தார். சொல்வளம், முழு வாக்கியம், மரியாதை. "என் பேரன் ஒரு வார்த்தை மரியாதையாப் பேச மாட்டான். இதுக்குமேல என்னம்மா வேணும்?"

"அந்த வாக்கியம் எல்லாம் என்னோடதுங்க" என்றாள் அத்தை.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா? நல்லதுதானே."

"சொல்லித் தரலைங்க. நான் வேலை பாக்கறப்போ காதுல விழுந்தது." அத்தை சுற்றிலும் பார்த்தாள். இப்படிச் சொன்னால் இவர்களுக்கு ஏறாது என்று வாடிக்கையாளர்களோடு வருஷக்கணக்காகப் பேசிப் பழகியவளுக்குப் புரிந்துவிட்டது. பொதுமக்கள் பிரதிநிதி பக்கம் திரும்பினாள். "சார், உங்க வீட்டு வாஷிங் மெஷின் ரிப்பேர்னு வச்சுக்குங்க. என்கிட்ட போன்ல சொல்லுங்க."

"வச்சுக்கறது என்ன, நிஜமாவே ரிப்பேர்தான்" என்றார் அவர், நிமிர்ந்து உட்கார்ந்து. "தண்ணியே வடிய மாட்டேங்குது. துணியெல்லாம் உள்ளேயே ஊறிக் கிடக்கு."

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவளுடைய முகம் மாறியது. உத்தியோகக் குரல் வந்தது. "உங்கள் சிரமத்துக்கு..."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஜன்னலோரத்திலிருந்து முடித்தாள் பாப்பா. திரும்பிப் பார்க்கவில்லை. அதே ஏற்ற இறக்கம், அதே இடத்தில் மூச்சு. "இயந்திரத்தின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்."

அத்தை அடுத்ததைத் தொடங்கினாள். பாப்பா அவளை முந்திக்கொண்டு போனாள். மாதிரி எண், வாங்கிய தேதி, புகார் பதிவு, வேறு ஏதேனும் உதவி. அத்தை பாதியில் நிறுத்திவிட்டாள், பாப்பா நிறுத்தவில்லை. கம்பெனியின் நன்றியைத் தெரிவித்து, இனிய நாளாக அமைய வாழ்த்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து வணக்கம் சொன்னாள்.

தோல் மருத்துவர் அன்றைக்கு முதல்முறையாகக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப தண்ணி ஏன் வடியலை?" என்று கேட்டார் பொதுமக்கள் பிரதிநிதி.

"கீழ இருக்கற ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்க சார்" என்றாள் அத்தை சலிப்போடு. தலைவியைப் பார்த்தாள். "இதுக்குப் பேச வருதுங்க. சொல்ல வரலை. வலிக்குதுன்னா சொல்லத் தெரியாது. பசிக்குதுன்னா தெரியாது. ரோட்டுல ஒருத்தன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா நன்றின்னு சொல்லிட்டுக் கூடப் போகும். நல்லாப் பேசுது நல்லாப் பேசுதுன்னு ஊர் பூரா சொன்னவ நான்தான். அன்னைக்கு உங்க அதிகாரிகிட்ட டாய்லெட் தானாப் போகும்னு சொன்னதும் நான்தான். அது பொய்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது உத்தியோகக் குரல் அவளிடம் இல்லை. அம்மா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூவரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். தலைவி கண்ணாடியைக் கழற்றினார். தீர்ப்பு சொல்ல வேண்டிய இடத்தில் அறிவுரை சொல்லும் வாய்ப்புக் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

"இப்பத்தான் விஷயம் புரியுது. பிரச்சினைக்குக் காரணம் வீட்டுச் சூழல். இவங்க போன் பேசறதைக் கேட்டுக் கேட்டுக் குழந்தை கெட்டுப்போயிருக்கு. அந்தச் சத்தம் காதுல விழாம இருந்தாத் தானா சொந்தமாப் பேசும். அதனால ஒரு வருஷத்துக்கு மட்டும் உதவித்தொகை தர்றோம், உதவியாளரும் உண்டு. அதுக்குள்ள இவங்க தன் வேலையை வேற இடத்துக்கு மாத்திக்கணும். அடுத்த வருஷம் வந்து பாப்போம். பேச்சு முன்னேறியிருந்தா உதவித்தொகை தேவைப்படாது. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

ஆட்டிசத்தை அத்தையின் தொலைபேசியிலிருந்து இறக்கிய அந்தக் கண்டுபிடிப்புக்குத் தோல் மருத்துவர் மெல்லத் தலையாட்டினார். அம்மா வாயைத் திறந்தாள். காதில் வைத்துப் பேசுகிற கருவி யாருக்கும் இந்த நோயைத் தராது என்று சொல்ல அவளுக்குத் தெரியும். சொன்னால் உதவியாளர் இல்லாமலே அடுத்த பருவம் ஓடிவிடும் என்பதும் தெரியும். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தன் மேசையிலிருந்த கணினியின் வயர்களைப் பிடுங்கத் தொடங்கினாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"கையெழுத்துப் போட்டியே. மாடியில ஒரு அறை வாடகைக்கு இருக்கு, கேக்கறேன்."

"கையெழுத்து நான்தான் போட்டேன். நீங்க போடலை" என்றாள் அம்மா. வயரை வாங்கி, இருந்த இடத்திலேயே சொருகினாள். "அதுக்கு இருக்கறதே உங்க பேச்சு மட்டும்தான். அதையும் நிறுத்திட்டா என்னத்தை வச்சு என்கிட்டச் சொல்லும்? அவங்க இங்க வந்து எட்டிப் பாக்கவா போறாங்க?"

அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே பாப்பா தன் இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாகிவிட்டது. அத்தைக்கு அன்றைக்கு விடுப்பு என்பது அவளுக்குத் தெரியாது.

வெகுநேரம் கழித்து அத்தை கருவியைக் காதில் மாட்டினாள். கணினியைத் திறக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, காலியான சுவரைப் பார்த்து, கம்பெனியில் அவளுக்குப் பரிசு வாங்கித் தந்த அதே குரலில் பேசினாள்.

"வணக்கம். எனக்குக் காது வலிக்கிறது. தயவுசெய்து கவனியுங்கள்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குப் பசிக்கிறது. தயவுசெய்து சாப்பாடு கொடுங்கள்." மறுபடி நிறுத்தி, கதவுப் பக்கம் காதைக் கொடுத்தாள். "எனக்கு ஒன்றுக்கு வருகிறது. கழிப்பறை எங்கே இருக்கிறது?"

சமையலறையிலிருந்து வந்த அம்மா வாசலில் நின்றாள். "அண்ணி, அடுத்த வருஷம் பாக்கறப்போ இதையெல்லாம் சொல்லிச்சுன்னா முன்னேற்றம்னு நிறுத்திருவாங்க."

"தெரியும்" என்றாள் அத்தை, காதிலிருந்து கருவியை எடுக்காமல். "நிறுத்தட்டும். எனக்குச் சண்டை போட இப்பத்தான் பழகியிருக்கு. நீ போய் அடுப்பைப் பாரு, நான் வேலையில இருக்கேன்."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பாப்பா எதையும் திருப்பிச் சொல்லவில்லை. தலையைக் கதவோடு சேர்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.